மஞ்சள் எரியும் இடம்

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது திருவிடந்தை. பழைய பெயர் திருவிடவெந்தை. திருமகளை இடப்பக்கத்தில் ஏந்திய எந்தை உறையும் ஊர் என்று பெரியோர் பிரித்துப் பொருள் சொல்வார்கள். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாக வராகப் பெருமாள் மணந்தார் என்பது தலபுராணம். சுவாமிக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்று பெயர் வந்ததும் அதனால்தான். திருமண வரம் கேட்டு வந்தவர்கள் கழுத்தில் மாலையோடு பிராகாரம் சுற்றுவது அங்கே அன்றாடக் காட்சி. அதே சாலையில்தான் கடலைப் பார்த்தபடி விடுதிகளும் அவற்றின் கருத்தரங்கக் கூடங்களும் வரிசை கட்டி நிற்கின்றன. 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியான டிஃபெக்ஸ்போ திருவிடந்தையிலேயே நடந்தது. 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தது. 2023 ஜூனில் ஜி-20 அமைப்பின் மகளிர் மாநாடு மாமல்லபுரத்தில் கூடியது. ஆக, நிகழ்ச்சி நிரல் என்ற ஒன்றை அச்சிட்டுக் கையில் கொடுத்து, அதன்படி நடக்க முயல்கிற கூட்டங்கள் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. அந்த முயற்சிக்கு உதவும் ஒரு சிறு கருவியை, பேசுபவருக்கு எஞ்சியிருக்கும் நேரத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் காட்டும் நேரங்காட்டியை, இங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

திருமண மண்டபத்திலிருந்தே தொடங்குவோம். முகூர்த்த நேரத்தில் தவில்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. முகூர்த்தம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். அவர் கண் புரோகிதரின் கை மேல் இருக்கிறது. அந்தக் கை உயர்ந்து விரல் அசைந்ததும் கெட்டிமேளம் எழுகிறது. நேரத்தைக் கணக்கிட்டவர் ஒருவர், செயலைச் செய்தவர் வேறொருவர். இடையில் போனது மணிக் கணக்கு அன்று, ‘இப்போது’ என்ற ஒரே ஒரு குறிப்பு. நிற நேரங்காட்டியின் இயல்பும் இதுவே. நேரம் என்ன என்று சொல்லும் வேலை கடிகாரத்துக்கு. இந்தக் கருவிக்கு உரிய வேலை, இந்த நொடியில் பேச்சாளர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் இதிலிருந்து விரியும்.

பேச்சாளருக்கு ஏன் வெளியிலிருந்து ஒருவர் குறிப்புக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்தது. படித்தவர், பழகியவர், கையில் கடிகாரமும் கட்டியவர், அவருக்குத் தெரியாதா? தெரியாது என்பதே உண்மை. இதில் அவரைக் குறை சொல்லவும் இடமில்லை. ஒரு வேலையில் கவனம் முழுமையாகக் குவிந்தால் கழிந்த நேரம் குறைவாகத் தோன்றும் என்பது உளவியலார் பலமுறை சோதித்துக் கண்டது. நேரத்தை உணர்வதற்கும் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தைப் பேச்சே எடுத்துக்கொண்டுவிடுகிறது. சொல்லைத் தேடுகிறார், அடுத்த ஸ்லைடை நினைக்கிறார், முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்ததைக் கவனிக்கிறார். இவ்வளவுக்கும் நடுவே அவருடைய பத்து நிமிடம் அவருக்கு ஆறாகத் தோன்றுகிறது. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதே பத்து நிமிடம் பதினைந்தாகத் தோன்றுவதும் உண்டு. அவர்கள் கவனம் வேறெங்கும் போகாமல் கடிகாரத்திலேயே நிற்பதால்.

சரி, சுவரில் ஒரு கடிகாரம் மாட்டிவிட்டால் போதாதா? 11 மணி 47 நிமிடத்துக்குத் தொடங்கியவர், 12 நிமிடம் தரப்பட்டவர், 11.54 என்று பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? தொடங்கிய நேரத்தை நினைவுகூர வேண்டும், கழித்துப் பார்க்க வேண்டும், கிடைத்ததைப் பன்னிரண்டிலிருந்து மறுபடி கழிக்க வேண்டும். பேசிக்கொண்டே இரண்டு கழித்தல் கணக்கு. இறங்குமுகமாக எண்ணும் கருவி இந்தக் கணக்கைப் போட்டு விடையை மட்டும் தருகிறது: இன்னும் 5 நிமிடம். நம் முன்னோருக்கும் இந்த வழி தெரிந்திருந்தது. அடியில் நுண்துளை இட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிடுவார்கள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை, நம் கணக்கில் 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் பொழுது அறிவிக்கும் காட்சி வருகிறது. அவர்கள் கையாளும் நீர்க்கருவிக்குக் கன்னல் என்று பெயர். மிதக்கும் கிண்ணத்தில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே எஞ்சிய பொழுதை அளந்துவிடலாம். எண் தேவைப்படவில்லை. இதே கருத்தை அமெரிக்காவில் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜான் ராஜர்ஸ் என்ற பெண்மணி 1990களில் வேறு வடிவில் கொண்டுவந்தார். ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று ஓயாமல் கேட்ட தன் சிறு மகளுக்காக, சிவப்பு வட்டம் ஒன்று மெல்லச் சுருங்கி மறையும் கடிகாரத்தை உருவாக்கினார். மணி பார்க்கத் தெரியாத குழந்தையும் வட்டத்தைப் பார்த்துக் காலத்தைப் புரிந்துகொள்ளும். மேடையில் நிற்கும் பேராசிரியரும், பேசும் அந்தச் சில நிமிடங்களில், மணி பார்க்கத் தெரியாதவர்தாம்.

எண்ணிலிருந்து அளவுக்கு வந்தோம். அளவிலிருந்து நிறத்துக்கு வருவோம். இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. சிவப்பு என்றால் நில் என்பது இயற்கை வகுத்த பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழில் செம்மை என்ற சொல் நிறத்தையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். செங்கோல், செந்தமிழ் எல்லாம் அந்த வழி வந்தவை. மஞ்சள் மங்கலம். பச்சை இளமை, சில இடங்களில் முதிராமை. இந்த நிறங்களில் ஆபத்தும் எச்சரிக்கையும் அனுமதியும் ஏறியது பெரும்பாலும் இருப்புப் பாதையால். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அமைச்சர் திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டினார் என்று இன்று நாளிதழில் எழுதுகிறோமே, அந்தக் கொடி கார்டு கையில் இருந்த கொடிதான். ரயில்வேயிலும் இந்த முறை முதல் நாளிலேயே அமைந்துவிடவில்லை. இங்கிலாந்தில் தொடக்கத்தில் சிவப்பு நிற்கச் சொன்னது, பச்சை எச்சரித்தது, வெள்ளை போகச் சொன்னது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே எரியும் விளக்கு வெள்ளையாகத் தெரியும். ஓட்டுநர் வழி திறந்திருக்கிறது என்று எண்ணிப் போய்விடுவார். இப்படிப்பட்ட அபாயங்களைக் கண்ட பின்பே வெள்ளை கைவிடப்பட்டது, பச்சை அதன் இடத்துக்கு வந்தது, காலியான எச்சரிக்கை இடத்தை மஞ்சள் பிடித்தது. மேடை நேரங்காட்டி இந்த அனுபவத்தை முழுவதுமாகக் கடன் வாங்கிக்கொள்கிறது. பேச்சாளருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் கடன் வாங்கும்போது நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் உயிரை விட்டுவிடுகிறோம். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரும் மின்ரயிலில் முன்பெட்டியில் பயணம் செய்பவர்கள் சிக்னல்களைக் கவனித்திருப்பார்கள்: பச்சை, இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு. ஒற்றை மஞ்சள் சொல்வது ‘அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகப் போ’. அது அடுத்த சிக்னலுக்கு எவ்வளவு முன்னால் இருக்க வேண்டும் என்பதைத் தண்டவாளத்தின் நீளம் தீர்மானிப்பதில்லை. முழு வேகத்தில் வரும் வண்டி பிரேக் போட்டால் எவ்வளவு தொலைவில் நிற்கும் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அகலப் பாதையில் டிஸ்டன்ட் சிக்னல் எனப்படுவது நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னலுக்குக் குறைந்தது 1 கிலோமீட்டர் முன்னால் நிற்பது இதனால்தான். அந்த டிஸ்டன்ட் சிக்னல் ஒருபோதும் சிவப்புக் காட்டாது என்பது இன்னொரு நுட்பம். நிறுத்துவது அதன் வேலை இல்லை. நிறுத்தப்படப் போகிறாய் என்று, நிற்க முடிகிற தொலைவில், சொல்வதே அதன் வேலை.

மேடையிலும் கேள்வி இதுவே: ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு நிற்க எவ்வளவு தொலைவு வேண்டும்? பெரும்பாலான கூட்டங்களில் இதை யாரும் கேட்பதில்லை. கடைசி ஒரு நிமிடத்தில் மஞ்சள் எரியும்படி வைத்துவிடுகிறார்கள், ஒரு நிமிடம் என்பது முழுமையான எண்ணாகத் தோன்றுவதால். அப்போது நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். பேச்சாளர் மஞ்சளைக் காண்கிறார். அவர் இருப்பது பதினெட்டாவது ஸ்லைடில், மொத்தம் இருபத்தாறு. ‘நேரமின்மை காரணமாக இதைத் தாண்டிச் செல்கிறேன்’ என்கிறார். கையிலுள்ள கிளிக்கரை அழுத்துகிறார், அழுத்துகிறார், இன்னொரு முறை அழுத்துகிறார். திரையில் ஒரு அட்டவணை வந்து போகிறது. அதற்குப் பிறகு ஒரு வரைபடம். அதுதான் மூன்று வருட உழைப்பின் முடிவு, அரை நொடியில் அதுவும் போகிறது. ஒருமுறை அதிகமாக அழுத்திவிட்டதால் ‘நன்றி’ என்று பெரிய எழுத்தில் வந்து நிற்கிறது. பின்னால் இரண்டு தாண்டி வருகிறார். குரல் உயர்கிறது, வாக்கியங்கள் பாதியில் முறிகின்றன. சிவப்பு எரிகிறது. ‘ஒரே ஒரு நிமிடம்’ என்கிறார். அந்த ஒரு நிமிடம் நான்காகிறது. இங்கே தவறியவர் பேச்சாளர் மட்டும் இல்லை. நிற்க முடியாத தொலைவில் மஞ்சளை நட்டவரும் தவறியிருக்கிறார்.

ஆகவே மஞ்சளின் இடத்தைப் பின்னிருந்து கணக்கிட வேண்டும். ஒரு கட்டுரைக்கு 15 நிமிடம் ஒதுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 3 நிமிடம் கேள்விகளுக்கு, பேச்சுக்கு 12. பேச்சாளர் தம் முடிவுரையை மட்டும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் 80 நொடி வருகிறது. மஞ்சள் எரியும்போது அவர் ஏதோ ஒரு கருத்தின் நடுவில் இருப்பார். அதை முடிக்க 40 நொடி. கூட்டினால் 2 நிமிடம். மஞ்சள் 10ஆவது நிமிட முடிவில் எரிய வேண்டும். இதே கணக்கை 45 நிமிடச் சொற்பொழிவுக்கு விகிதப்படி நீட்டினால் 7½ நிமிடம் மஞ்சள் வரும். அது கூடாது. பேச்சு ஏறக்குறைய நான்கு மடங்கு நீண்டாலும் முடிவுரை அந்த அளவுக்கு நீள்வதில்லை. நான்கு நிமிட மஞ்சள் தாராளம். அதற்கு மேல் மஞ்சள் எரிந்துகொண்டே இருந்தால் கண் அதற்குப் பழகி, அது அறையில் இருக்கும் இன்னொரு விளக்காகிவிடும். சில செயலிகள் மொத்த நேரத்தில் இத்தனை சதவீதம் என்று நிறத்தை மாற்றும் ஏற்பாட்டோடு வருகின்றன. அதை மாற்றி, நொடிக் கணக்கில் நாமே வைத்துக்கொள்வது நல்லது. நீண்ட உரைக்கு வேண்டுமானால் இரட்டை மஞ்சளைக் கடன் வாங்கலாம்: பாதித் தொலைவில் ஒரு மெல்லிய அறிகுறி, எந்தப் பகுதியைச் சுருக்குவது என்று பேச்சாளர் தீர்மானிக்க.

நிறங்களுக்கு வேறு பொருள் வைத்துப் பயன்படுத்தும் மரபும் ஒன்று இருக்கிறது. 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்கள் இன்று சென்னையிலும் பல இயங்குகின்றன. அங்கே 5 முதல் 7 நிமிட உரைக்கு 5ஆவது நிமிடத்தில் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு. முதல் ஐந்து நிமிடம் எந்த நிறமும் இல்லை. அங்கே பச்சை ‘போ’ என்று சொல்லவில்லை. ‘குறைந்தபட்சத்தை எட்டிவிட்டாய், இனி எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம்’ என்கிறது. குறைவாகப் பேசுவதும் அங்கே குற்றம் என்பதால் இந்த ஏற்பாடு. போட்டியில் 4 நிமிடம் 30 நொடிக்குக் கீழே போனாலும் 7 நிமிடம் 30 நொடிக்கு மேலே போனாலும் தகுதி இழப்பு. தமிழ்நாட்டுக் கருத்தரங்குகளில் குறைவாகப் பேசிவிட்டார் என்று எவர் மேலும் புகார் எழுந்ததாகத் தெரியவில்லை. ஆகவே நமக்கு முதலில் சொன்ன பொருளே போதும்.

மஞ்சளைத் தீர்த்தாயிற்று. சிவப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அடுத்த அடுக்கு. இங்கேதான் பூஞ்சேரிச் சதுரங்கக் கூடம் பாடம் சொல்கிறது. 2022 ஒலிம்பியாடில் ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்வுகளுக்கு 90 நிமிடம், பிறகு ஆட்டம் முடியும்வரை 30 நிமிடம், தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு நகர்வுக்கும் 30 நொடி சேர்ப்பு. கடிகாரம் இரு ஆட்டக்காரருக்கும் தெரியும்படி பலகைக்கு அருகில் இருக்கும், நடுவரும் பார்க்கலாம். பழைய முள் கடிகாரங்களில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி உண்டு. நேரம் தீரச் சில நிமிடம் இருக்கையில் பெரிய முள் அந்தக் கொடியை மெல்லத் தூக்கத் தொடங்கும். நேரம் தீர்ந்ததும் அது விழும். தூக்குவது மஞ்சள், விழுவது சிவப்பு. விழுந்த பிறகு நடுவரிடம் கெஞ்ச எதுவும் இல்லை; ஆட்டம் போயிற்று. அந்த ஒலிம்பியாடில் எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவை வெல்லும் நிலையில் இருந்து, நேரம் நெருக்கிய கட்டத்தில் ஒரு பிழையால் தோற்றார். உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது, குகேஷின் இந்தியா பி அணி வெண்கலம் வென்றது. கடிகாரத்தைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. அதன் ஆணை முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டது, எல்லோருக்கும் ஒன்றே.

பேச்சு மேடையில் அந்த ஒப்புதல் இருக்கிறதா? அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதிடும் வழக்கறிஞர் முன்னால் இரண்டு விளக்குகள் உண்டு. 5 நிமிடம் எஞ்சும்போது வெள்ளை, தீர்ந்ததும் சிவப்பு. சிவப்புக்குப் பிறகு நிறுத்த வேண்டும் என்பது மரபாகவே ஊறிவிட்டது. நம் மாநிலங்களவையில் பூஜ்ய நேரத்தில் பேச எழும் உறுப்பினருக்கு 3 நிமிடம். முடிந்தால் ஒலிவாங்கி தானே அணைந்துவிடும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் ஆண்டு விவாதத்திலும் உரைமேடையில் நிற விளக்கு எரிகிறது. ஆனால் அங்கே 15 நிமிடம் என்பது தாமாக ஏற்கும் வரம்பு. ஆகவே அந்த விளக்கைக் கண்டும் காணாதது போல் பேசிக்கொண்டே போகும் தலைவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அதே நிறுவனத்தின் பாதுகாப்பு அவையில் 1957 ஜனவரியில் இந்தியாவின் வி.கே. கிருஷ்ண மேனன் காஷ்மீர் பற்றி ஏறக்குறைய 8 மணி நேரம் பேசினார். அவர் முன்னால் எந்த நிற விளக்கை வைத்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. இந்த இடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சிவப்பின் வலிமை விளக்கில் இல்லை, அதன் பின்னால் இருக்கும் விதியில் இருக்கிறது. அமர்வுத் தலைவர் சிவப்பு எரிந்ததும் எழுந்து நிற்பார் என்று முதல் பேச்சாளருக்கு முன்பே அறிவித்து, முதல் பேச்சாளரிடமே அப்படி எழுந்தும் நின்றால் மற்றவர்களும் சரியாக முடிப்பார்கள். முதலாமவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்ற எல்லோருக்கும் விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

விதி என்றால் இரக்கம் கூடாது என்பதில்லை. இரக்கத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. சதுரங்கத்தில் நகர்வுக்கு 30 நொடி சேர்ப்பதும், டோஸ்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் வரம்புக்கு வெளியே 30 நொடி விடுவதும் இரக்கமே. ஆனால் அது முன்பே எழுதப்பட்டது, எல்லோருக்கும் சமமாக அளக்கப்பட்டது. கடைசியில் கெஞ்சிப் பெறுவது வேறு: கெஞ்சத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், கூச்சப்படுபவருக்குக் கிடைக்காது, மூத்தவருக்குக் கிடைக்கும், ஆய்வு மாணவிக்குக் கிடைக்காது. நிரல் வகுக்கும்போதே இரண்டு உரைகளுக்கு நடுவே 2 நிமிடம் பெயரில்லாமல் விட்டுவைப்பது இந்த வகை இரக்கம். ஒலிவாங்கி மாற்றவும் மடிக்கணினி இணைக்கவும் அந்த நேரம் எப்படியும் போய்விடும்.

இனி கண்ணைப் பற்றி. பேச்சாளர் நேரங்காட்டியை நேராகப் பார்க்கப் போவதில்லை, ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். விழித்திரையில் நிறத்தை அறியும் கூம்பு உயிரணுக்கள் நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் அருகியும் இருக்கின்றன. ஓரப் பார்வை நிறத்தில் மந்தம், அசைவிலும் வெளிச்ச மாற்றத்திலும் கூர்மை. ஆகவே மடிக்கணினி மூலையில் சின்ன எழுத்து மஞ்சளாவதில் பயனில்லை. திரை முழுதும் நிறம் மாற வேண்டும், மாறும் நொடியில் இரண்டு முறை சிமிட்ட வேண்டும். கருவியை மேடைக்கு முன்னால், தரையில், பேச்சாளர் அவையைப் பார்க்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வைப்பதே பொருத்தம். அவருக்குப் பின்னால் சுவரில் வைத்தால் அவர் தவிர எல்லோரும் பார்ப்பார்கள். புரொஜெக்டருக்காக இருட்டாக்கிய கூடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: வெளிச்சம் குறையக் குறைய மற்ற நிறங்களை விடச் சிவப்பு முதலில் மங்கும். இதை முதலில் குறித்துவைத்தவர் 19ஆம் நூற்றாண்டின் செக் அறிஞர் பூர்கினியே. எனவே சிவப்புக்குப் பிரகாசத்தைக் கூட்டி வைக்க வேண்டும்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை. இந்திய ஆண்களில் இது குறைவு என்றாலும் நூறு பேர் கூடும் அரங்கில் ஒருவராவது இருக்க வாய்ப்பு அதிகம். 1875இல் சுவீடனின் லாகர்லுண்டாவில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு ஹோல்ம்கிரென் என்ற மருத்துவ அறிஞர் நிற நூலிழைகளைக் கொண்டு ரயில்வே ஊழியரின் நிறப் பார்வையைச் சோதிக்கும் முறையை வகுத்தார். ரயில்வே, ஆளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கலாம். கருத்தரங்கு, பேச்சாளரைச் சோதிக்க முடியாது. கருவிதான் இறங்கி வர வேண்டும். சாலைச் சிக்னலில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடமும் சேர்ந்து பேசுகிறதல்லவா, அந்த வழி இங்கும் உதவும். மஞ்சளில் எண் பெரிதாகட்டும். சிவப்பில் ‘முடிக்கவும்’ என்ற சொல்லே வரட்டும்.

கருவியை அவையும் பார்க்கலாமா? கூடாது என்பதே என் கட்சி. எண் இறங்குவதை அவை பார்க்கத் தொடங்கினால் கேட்பது நின்றுவிடும். பட்டிமன்ற நடுவர் மணியடிக்கும்போது பேச்சாளரோடு அரங்கம் முழுவதும் கேட்கிறது, சிரிப்பும் எழுகிறது; பட்டிமன்றத்துக்கு அது அழகு, ஆய்வரங்குக்கு அழகில்லை. துண்டுச் சீட்டு அனுப்பும் பழைய வழக்கம் கண்ணியமானதுதான். ஆனால் பேச்சாளர் நிறுத்தி, கண்ணாடி போட்டு, அதைப் படிக்க வேண்டும். சிலர் ‘நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது’ என்று அதையும் பேச்சில் சேர்த்து ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். நிறம் இந்த இரண்டுக்கும் மேல்: பேச்சாளரும் அமர்வுத் தலைவரும் மட்டும் அறிந்த, ஓசையற்ற பேச்சு அது.

இவ்வளவு செய்தும் நம் நிகழ்ச்சிகள் தாமதமாவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையாகாது. நேரங்காட்டியைக் கட்டுரையாளர் முன்னால் வைக்கிறோம். நேரம் கரைவதோ அதற்கு முன்பே. காலை 10 மணித் தொடக்க விழா சிறப்பு விருந்தினர் வந்து சேரும் 10.35க்குத் தொடங்குகிறது. குத்துவிளக்கின் ஐந்து முகங்களை ஐந்து பேர் ஏற்றுகிறார்கள், கடற்காற்றில் ஒரு திரி அணைந்து மறுபடி எரிகிறது. வரவேற்புரை மேடையிலிருக்கும் ஒவ்வொருவரின் பட்டங்களையும் விருதுகளையும் ஒன்றுவிடாமல் சொல்கிறது. பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம். ‘முன்னிலை’ என்று அழைப்பிதழில் அச்சான மூவரும் ‘இரண்டே வார்த்தை’ பேசுகிறார்கள். இந்தக் கடனை யார் அடைக்கிறார்கள்? மாலை 4 மணி அமர்வில் கடைசியாகப் பேச வேண்டிய பெண். இரவு ரயிலேறி செங்கல்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவும் பேருந்துமாக மாறி வந்தவர். அவருக்குப் ‘பதினைந்து இல்லை, ஏழு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்’ என்று காதோரம் சொல்கிறார்கள். அவர் முன்னால்தான் நேரங்காட்டி நாணயமாக மஞ்சள் காட்டுகிறது.

செலவு இதற்குத் தடையில்லை. பழைய கைபேசி ஒன்றில் இலவசச் செயலி போதும். மின்சாரம் நம்ப முடியாத கூடமானால் மூன்று நிற அட்டைகளும் முன்வரிசையில் ஒரு மாணவரும் போதும். அந்த மாணவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வைக்க வேண்டும்: விருந்தினர் யாராயிருந்தாலும், அட்டையைக் கீழே இறக்காதே. வரவேற்புரைக்கு 4 நிமிடம் என்று நிரலில் அச்சிட்டு, மூன்றாவது நிமிடத்தில் முதல் மஞ்சள் அட்டையைக் கல்லூரி முதல்வருக்கே காட்டிப் பார்க்கலாம்.